கூதிர்காலத் தோரணமும் வாரச் சந்தையும்: வாசகர் கேள்வி - பதில்

புரட்டாசி பிறந்தால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி கொலுவையும் வீட்டு அலங்காரத்தையும் பற்றியே இருக்கும். இம்முறை பழம்பொருள் சந்தைகளைப் பற்றிய கேள்விகளும் அவற்றோடு சேர்ந்துகொண்டன. வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணிப் பக்கத்துக் கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாவட்டம் 1989இல் ஒருமுறையும் 2019இல் மறுமுறையும் பிரிந்த பிறகும், முகவரியில் ‘வட ஆற்காடு’ என்றே எழுதும் வாசகர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது மகிழ்ச்சி தருகிறது.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே வசிக்கிறாள். செப்டம்பர் பிறந்ததும் வாசற்கதவில் சிவப்பும் மஞ்சளுமான மேப்பிள் இலைகளை வளையமாகக் கட்டித் தொங்கவிட்டுப் படம் அனுப்புகிறாள். அதே போல நவராத்திரிக்கு எங்கள் வீட்டு வாசலிலும் கட்ட ஆசை. இணையத்தில் பிளாஸ்டிக் மேப்பிள் இலைச் சரம் விற்கிறார்கள். வாங்கலாமா? நம் ஊரில் சிவக்கும் இலையே கிடையாதா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. நம் ஊர் வெயிலில் அந்தச் சரம் இரண்டு மாதத்தில் வெளுத்துவிடும். அதன் மடிப்புகளில் ஏறும் தூசியைத் துடைக்கவும் முடியாது, கழுவினால் சாயமும் நிற்காது. உங்கள் மகள் வீட்டு வாசலில் அந்த இலை அழகாக இருப்பதற்குக் காரணம், அவர் அதைத் தெருமுனையில் பொறுக்கியெடுத்தார் என்பதுதான்.

அங்கே இலை சிவப்பதற்குப் பகற்பொழுது சுருங்குவதே முதற்காரணம். பாஸ்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் இடையே ஆறு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. பகல் குறையத் தொடங்கியதும் மரம் இலைக்காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு தடுப்பை வளர்த்துக்கொள்கிறது; இலையின் பச்சையம் சிதைகிறது; அதுவரை பச்சையத்துக்குள் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் முன்பே இருந்ததன்று. நல்ல வெயிலடிக்கும் பகலும் உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வந்தால், இலையில் தங்கிப்போன சர்க்கரையிலிருந்து அது புதிதாக உண்டாகிறது. வேலூரிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே வேறுபாடு. ஆகவே நம் மரங்கள் பகலின் நீளத்தைப் பார்த்து இலையை உதிர்ப்பதைவிட, மண்ணில் ஈரம் வற்றுவதைப் பார்த்து உதிர்ப்பதே மிகுதி. ஜவ்வாது மலைக் காடுகள் மொட்டையாக நிற்பது மாசி, பங்குனியில். புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அவை மழை குடித்துப் பச்சையாக இருக்கும்.

ஆனாலும் சிவக்கும் இலை நம்மிடம் இல்லாமற் போகவில்லை. பள்ளிக்கூடங்களிலும் அரசு அலுவலக வளாகங்களிலும் தட்டுத்தட்டாகக் கிளை விரித்து நிற்கும் நாட்டு வாதுமையை, நாம் பாதாம் மரம் என்று சொல்லும் மரத்தை, அண்ணாந்து பாருங்கள். மொத்தமாக உதிர்ப்பது பனிக்காலத்துக்குப் பிறகுதான் என்றாலும், ஆண்டு முழுவதும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிவந்த இலைகளைப் போட்டுக்கொண்டே இருக்கும். உள்ளங்கையைவிடப் பெரிய இலை. நடுநரம்பு மஞ்சளாக இருக்க, இருபுறமும் செம்பு நிறத்திலிருந்து அரக்கு நிறம் வரை படிப்படியாக ஏறியிருக்கும். காலையில் பெருக்குகிறவர் வருவதற்குள் போனால் கறையில்லாத இலைகளாகப் பத்துப் பதினைந்து கிடைக்கும்.

நம் கூதிர்காலத்தின் சொந்த அழகு இலையில் இல்லை. கதிரிலும் காயிலும் இருக்கிறது. பாலாற்றுப் படுகையில் இந்த மாதங்களில் நாணல் வெள்ளையாகப் பூத்திருக்கும். மேல்நாட்டு அலங்காரக் கடைகளில் பாம்பாஸ் புல் என்று விலை வைத்து விற்பதற்கு இது எவ்விதத்திலும் குறைந்ததன்று. பூ முழுவதும் விரிந்த பிறகு அறுத்தால் வீடெங்கும் பஞ்சு பறக்கும். மடல் பிரிந்து பூ பாதி வெளியே வந்திருக்கும் நிலையில் அறுத்து, தலைகீழாக நிழலில் கட்டித் தொங்கவிடுங்கள். காய்ந்த பிறகு தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயை லேசாக அடித்துவிட்டால் உதிராது. படுகையில் இறங்கும்போது செருப்பு போதாது, ஷூ வேண்டும். சீமைக் கருவேல முள்ளும் பாம்பும் அங்கே உண்டு. நாணலுடன் கேழ்வரகுக் கதிர், கம்பங்கதிர், மயில்கொன்றையின் வாள் போன்ற முற்றிய காய்கள், சரக்கொன்றையின் கறுத்த குழல் காய்கள் ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

வளையத்துக்குக் கூடை முடைகிறவரிடம் ஒரு மூங்கில் பத்தையைக் கேட்டு வாங்கி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் கட்டுங்கள். முதலில் கொன்றைக் காய்களைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அவற்றின் இடையில் கதிர்களை ஒரே திசையில் சாய்த்துச் செருகி, கடைசியில் வாதுமை இலைகளைக் காம்பு உள்ளே மறையும்படி வைத்தால், பசை இல்லாமலே நிற்கும். வளையம் முழுவதையும் நிரப்ப வேண்டாம். கீழ்ப்பக்கம் முக்கால் பங்கு நிறைந்து, மேலே மூங்கில் தெரிந்தால்தான் பார்வைக்கு இதமாக இருக்கும். நடுவில் மாவிலைத் தோரணத்தைக் குறுக்கே கட்டிவிடாதீர்கள், இரண்டும் கெட்டுவிடும். மாவிலை நிலைப்படிக்கு, வளையம் கதவுக்கு.

ஒரு எச்சரிக்கை. சிவப்புக்காகக் குன்றிமணியைச் சேர்க்கச் சிலர் நினைப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரின் கண்ணுக்கு அதைத்தானே வைக்கிறோம் என்று தோன்றும். அதனுள் ஏப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஒன்றிரண்டு விதைகளை மென்று விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் கதவில் தொங்கும் பொருளில் அது வேண்டவே வேண்டாம்.

கேள்வி: இலைகளைப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்தேன். ஐப்பசி மழையில் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன. கிளிசரின் போட்டால் கெடாது என்கிறார்கள். எப்படிப் போடுவது?
- ஒரு கல்லூரி மாணவி, குடியாத்தம்

பதில்: புத்தகம் ஈரத்தை உறிஞ்சும், ஆனால் உறிஞ்சிய ஈரத்தை வெளியே விடாது. மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் மிகுந்திருப்பதால், மூடிய புத்தகத்துக்குள் இலை வெந்தது போலாகிவிடும். பழைய செய்தித்தாளின் நடுவே இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேலே ஒரு பலகையும் அதன்மேல் கனமும் வைத்து, முதல் நான்கைந்து நாள்களுக்கு நாள்தோறும் தாளை மாற்றுங்கள். இதில் சோம்பல் கூடாது. அவசரமென்றால் இரண்டு பட்டர் பேப்பர்களின் நடுவே இலையை வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு எடுக்கலாம். நீராவி வரும் பொத்தானை அணைத்துவிட வேண்டும்.

கிளிசரின் முறை வேறு. ஒரு பங்கு கிளிசரினை இரண்டு பங்கு வெந்நீரில் கலந்து, இலையுள்ள சிறு கிளையின் அடியைச் சாய்வாக வெட்டி, வெட்டிய இடத்தைச் சுத்தியலால் லேசாக நசுக்கி, அந்தக் கலவையில் நிறுத்திவைக்க வேண்டும். கிளை தண்ணீரோடு கிளிசரினையும் உறிஞ்சும். தண்ணீர் ஆவியாகிப்போக, கிளிசரின் இலைக்குள் தங்கி அதை வளையும் தன்மையோடு வைத்திருக்கும். இரண்டு மூன்று வாரங்கள் பிடிக்கும். தைல மரத்துக் கிளைக்கு இது மிக நன்றாகப் பொருந்தும். நிறம் மட்டும் பழுப்புக் கலந்த பச்சையாக மாறும். இந்த முறைக்கு முற்றிய பச்சை இலைதான் வேண்டும். துளிர் இலை சோர்ந்துவிடும். ஏற்கெனவே சிவந்து உதிர்ந்த இலையோ காம்பு வழியாக எதையும் உறிஞ்சாது. அதற்குக் காம்பின் வழி அடைபட்டுப்போயிருக்கும். உதிர்ந்த வாதுமை இலையை அதே கலவையில், ஆறிய பிறகு, ஒரு தட்டில் முழுவதும் மூழ்கும்படி சில நாள்கள் போட்டுவைத்துத் துடைத்தெடுங்கள்.

கேள்வி: அக்டோபர் கடைசியில் பேரப்பிள்ளைகள் பூசணிக்காயில் முகம் வெட்டி விளக்கு வைக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார்கள். இது நமக்கு ஆகுமா?
- ஒரு தாத்தா, காட்பாடி

பதில்: ஆகும், ஆகாது என்பதைவிடக் கெடும் என்பதுதான் கேள்வி. பாஸ்டனின் குளிரில் வெட்டிய பரங்கிக்காய் ஒரு வாரம் தாங்கலாம்; காட்பாடியில் இரண்டாம் நாளே நீர் விட்டு, மூன்றாம் நாள் கொசு மொய்க்கும். மாலையில் வெட்டி, அன்றிரவே விளக்கேற்றி, மறுநாள் குப்பைக்கு அனுப்பிவிடுங்கள். தோண்டியெடுத்த சதையில் கூட்டு வைத்துவிடலாம், விதையைக் காயவைத்து வறுக்கலாம். அயர்லாந்திலிருந்து குடியேறியவர்கள் தங்கள் ஊரில் டர்னிப் கிழங்கில் செய்துவந்ததைத்தான் அமெரிக்காவில் கிடைத்த பரங்கிக்காய்க்கு மாற்றிக்கொண்டார்கள். ஆகவே நீங்கள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டு விளக்கு வைத்தாலும் மரபை மீறியதாகாது. சிரட்டை ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

பூசணிக்காய்ப் பேச்சு வந்ததால் ஒன்று. ஆயுத பூசையன்று சாலை நடுவில் திருஷ்டிப் பூசணியை உடைத்துவிட்டுப் போகிறவர்கள், இரு சக்கர வாகனத்தில் வருகிறவரை நினைத்து, அதை ஓரமாக ஒதுக்கிவிட்டுப் போனால் நல்லது.

கேள்வி: ஐரோப்பியப் பயணக் காணொளிகளில் ஞாயிற்றுக்கிழமை பழம்பொருள் சந்தைகளைக் காட்டுகிறார்கள். பழைய விளக்கு, கோப்பை, நாற்காலி எல்லாவற்றையும் பேரம் பேசி வாங்குகிறார்கள். வேலூர்ப் பக்கம் அப்படி எங்காவது போக முடியுமா? வீட்டு அலங்காரத்துக்கு வாங்கத்தக்கதாக ஏதாவது கிடைக்குமா?
- ஓர் இளம் தம்பதியர், இராணிப்பேட்டை

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பாரிசின் வட எல்லையில் உள்ள சான்-துவான் சந்தையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நகரத்துக் கந்தல் பொறுக்குகிறவர்கள் மதிலுக்கு வெளியே கடை விரித்ததிலிருந்து வளர்ந்தது அது. நம் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது சென்னையின் மூர் மார்க்கெட். 1985இல் அது தீக்கிரையானது. இப்போது போக வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமைகளில் கூடும் பல்லாவரம் சந்தைக்குப் போகலாம். செடி, நாய்க்குட்டி, பழைய தட்டச்சுப் பொறி, கிராமபோன் குழல், உடைந்த கடிகாரம், கப்பலிலிருந்து கழற்றிய விளக்கு என எதுவும் அங்கே தெருவோரத்தில் கிடக்கும். இராணிப்பேட்டையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டால், வெயில் ஏறும் முன் சுற்றிவிட்டு மாலைக்குள் திரும்பலாம். புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையும் பெரியது. ஆனால் அங்கே துணிமணிதான் மிகுதி.

வேலூரைச் சுற்றி இருப்பவை வாரச் சந்தைகள். திங்கட்கிழமை கே.வி.குப்பம், வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆகிய இரண்டும் ஆட்டுக்குப் பெயர்போனவை. செவ்வாய்க்கிழமை பொய்கையில் மாட்டுச் சந்தை. ‘மாடு வாங்கவா போகிறோம்?’ என்று நீங்கள் சிரிக்கலாம். மாட்டுச் சந்தையில் மாட்டுக்கு வேண்டிய பொருள்களும் விற்பார்கள். கண்ணுள்ளவர்களுக்கு அவை அத்தனையும் அலங்காரப் பொருள்களே. கழுத்து மணிகளை வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, ஒன்றுக்கொன்று நாதம் சற்றே விலகிய ஐந்து மணிகளைத் தேர்ந்தெடுத்து, வண்ணக் கயிற்றில் ஏணிப்படியாகக் கோத்து முன்வாசலில் தொங்கவிட்டால், அழைப்பு மணிப் பொத்தானே தேவைப்படாது. கழுத்துக் கயிறுகளில் கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் குஞ்சம் வைத்துப் பின்னியவை வரும். ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டுவதற்கு அவற்றைவிடப் பொருத்தமான கயிற்றை நான் கண்டதில்லை. மூங்கில் கூடை, முறம் போன்றவை வந்திருந்தால், சாணம் மெழுகாத முறத்தைத் தேர்ந்து, அதில் காவியும் சுண்ணாம்பும் கொண்டு கோலமிட்டுச் சுவரில் மாட்டலாம். கொலு அறைக்கு இது நன்றாக இருக்கும்.

சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். முற்பகலுக்குள் எல்லாம் கலைந்துவிடும். மாட்டு வியாபாரம் நடக்கும் இடத்தில் குறுக்கே புகுந்து படம் எடுக்காதீர்கள். துண்டுக்குள் கைவிரல் பிடித்து விலை பேசுகிறவர்கள் அதை விரும்பமாட்டார்கள். மணி விற்கிறவரிடம் பேரம் பேசலாம், ஆனால் கூடை முடைகிறவர் சொல்லும் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். அவருடைய ஒரு நாள் உழைப்பு ஒரு தேநீர்க் கடைக் கணக்குக்கும் போதாமல் போவதைப் பார்க்கிறோம்.

காட்பாடிக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால் பக்கத்துக் கரிகிரி ஊரின் மண்பாண்டங்களையும் பாருங்கள். பச்சை, நீலம், பழுப்பு என மெருகேற்றிய ஜாடிகளும் குவளைகளும் அந்த ஊரின் கைவேலை. மேலே சொன்ன நாணலை வைக்க, அகன்ற அடியும் குறுகிய வாயும் கொண்ட ஒரு கரிகிரி ஜாடியே போதும்.

கேள்வி: பழைய இரும்புக் கடையில் ஒரு குத்துவிளக்கு வாங்கினேன். பித்தளையா, பூச்சா என்று சந்தேகமாக இருக்கிறது. அதே கடைக்காரர் ஒரு பழைய கற்சிலையும் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்.
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: விளக்குக்குக் காந்தம் போதும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது. இரும்பின்மேல் பூச்சென்றால் ஒட்டும். ஒட்டாவிட்டாலும் அடிப்பாகத்தின் உட்புறத்தை அரத்தால் ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. வெள்ளையாக இருந்தால் அலுமினியம் போன்ற வேறு உலோகத்தின்மேல் பூச்சு. பழமையைக் கண்டுபிடிக்கத் தேய்மானத்தைக் கவனியுங்கள். உண்மையில் புழங்கிய விளக்கில் திரி வைக்கும் மூக்குகளும், தூக்கும்போது விரல் படும் தண்டுப் பகுதியும் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், இடுக்குகளில் எண்ணெய்ப் பிசுக்கு இறுகியிருக்கும். செயற்கையாகக் கறுப்பேற்றியதில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போக உடனே துடைத்துவிடுங்கள்.

கற்சிலையைத் தொடாதீர்கள். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிற்பம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்பவருக்கு உரிமம் இருக்க வேண்டும், வைத்திருப்பவர் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் இவை இரண்டும் இருக்கப்போவதில்லை. எந்த ஊர்க் கோயிலிலிருந்து பெயர்த்தெடுத்ததோ என்ற கேள்வி சட்டத்தைவிடப் பெரியது. காவல் துறையின் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குத் தகவல் கொடுங்கள். பழைய சிற்பங்களைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்றால், வேலூர்க் கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது.

கேள்வி: மாமியார் காலத்து ஆரணிப் பட்டுப் புடவை மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது. தெருவில் வரும் பழைய பட்டு வியாபாரி ஒரு விலை சொல்கிறார். கொடுத்துவிடலாமா, கொலுவுக்கு ஏதாவது தைக்கலாமா?
- ஒரு வாசகி, ஆரணி

பதில்: அவர் வாங்குவது பட்டை அன்று, ஜரிகையை. பழைய அசல் ஜரிகை, நூலின்மேல் வெள்ளிக் கம்பி சுற்றி அதன்மேல் தங்க முலாம் பூசியது. உருக்கினால் வெள்ளி தேறும் என்ற கணக்கில்தான் விலை சொல்கிறார். விற்பதானால் நம்பிக்கையான நகைக் கடையில் நாலு இழையைக் காட்டிச் சோதித்துவிட்டு விற்றுக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் தைக்கத்தான் சொல்வேன். மடிப்பில் கிழிவது உடற்பகுதிதான். கரையும் முந்தானையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். கரையை இரண்டு விரற்கடை உடற்பட்டு சேர்ந்து வரும்படி வெட்டி, வெளுத்த காடாத் துணியின்மேல் கையால் பொடித் தையல் போட்டுப் பொருத்துங்கள். மெஷின் ஊசி பழைய பட்டை அறுத்துவிடும். இந்த நீண்ட பட்டையைக் கொலுப்படிகளின் முகப்பில் தொங்கவிட்டால், வெள்ளை வேட்டி விரித்த படிகளுக்கு ஒரு விளிம்பு கிடைக்கும். நவராத்திரி முடிந்ததும் மடிக்காமல், ஒரு குழாயில் சுருட்டி வையுங்கள்.

கேள்வி: பாட்டி வீட்டுப் பரணில் களிமண் கொலுப் பொம்மைகள் கிடைத்தன. மூக்கு உடைந்தும் வண்ணம் உரிந்தும் இருக்கின்றன. நாமே சரிசெய்ய முடியுமா?
- ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: முடியும். கழுவ மட்டும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். சாக்பீசைப் பொடித்துச் சலித்து, பெவிகாலோடு சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, உடைந்த இடத்தில் சற்றே கூடுதலாக வைத்து மூக்கைப் பிடியுங்கள். நிழலில் இரண்டு நாள் காய்ந்ததும், ஜீரோ நம்பர் உப்புத்தாளால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவரலாம். அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளைப் பூச்சு ஒன்று கொடுத்து, அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். கண்ணைக் கடைசியில் எழுதுங்கள். மேலே பளபளக்கும் வார்னிஷ் அடித்துவிட்டால் பழைய பொம்மையின் மங்கல் அழகு போய்விடும். உரிந்த வண்ணம் முழுவதையும் புதிதாக்க வேண்டும் என்பதில்லை. முகத்தைச் சரிசெய்துவிட்டு உடம்பை அப்படியே விடுவதே எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் நவராத்திரிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் சந்தை நடத்த எண்ணியிருக்கிறோம். எப்படித் தொடங்குவது?
- குடியிருப்போர் சங்கத்தார், வாணியம்பாடி

பதில்: நல்ல யோசனை, கொலுவுக்குப் புதுப் பொம்மை வாங்கும் வீடுகள் பழையதைக் கொடுக்கவும், புதிதாகக் கொலு தொடங்கும் வீடுகள் அவற்றை வாங்கவும் பொருத்தமான நாள். புரட்டாசியில் நம் பக்கம் பகலெல்லாம் காய்ந்துவிட்டு மாலையில் இடியோடு கொட்டும். ஆகவே காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியுங்கள். சாலையில் கடை விரிப்பதானால் காவல் நிலையத்திலும் நகராட்சியிலும் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். சங்கத்தின் சொந்த இடமென்றால் சிக்கலில்லை.

ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேரம் பேசக் கூச்சப்பட்டே பலர் வாங்காமல் திரும்புவார்கள். மிக்சி, மின்விசிறி போன்றவற்றை ஓட்டிக் காட்ட ஒரு மின் இணைப்பு வேண்டும். பழைய ஹெல்மெட், கேஸ் ரெகுலேட்டர், குழாய் ஆகியவற்றை விற்க விடாதீர்கள். அவற்றின் பழுது வெளியே தெரியாது. செல்போனில் பணம் செலுத்துவோர் பெருகிவிட்டாலும், குழந்தைகள் காசோடுதான் வருவார்கள், சில்லறை வேண்டும். உணவுக் கடையைத் துணிக்கும் புத்தகத்துக்கும் எட்டத்தில் போடுங்கள். ஆம்பூருக்கு இவ்வளவு அருகில் பிரியாணி இல்லாமல் சந்தை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். விற்காமல் மிஞ்சியது யார் பொறுப்பு என்பதை முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் அது அத்தனையும் சங்கத்துச் செயலாளர் வீட்டு வாகன நிறுத்தத்தில் குடியேறிவிடும்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். கார்த்திகைக்குத் தீப்பொறி பறக்கும் மாவளி சுற்ற ஆசை. கடையில் கிடைக்கவில்லை. எப்படிச் செய்வது?
- ஒரு மாணவர், அணைக்கட்டு

பதில்: தம்பி, இது கடையில் வாங்கும் பொருளன்று, ஊர்ப் பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டுச் செய்ய வேண்டியது. ஆண்பனையில் பூத்துக் காய்ந்து விழுந்த பூக்கதிர்களை இப்போதிருந்தே பொறுக்கி வெயிலில் போட்டுவை. கார்த்திகைக்குச் சில நாள் முன்பு, சிறு குழி வெட்டி அவற்றைப் போட்டுக் கொளுத்தி, எல்லாம் தணலானதும் மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் புகாமல் மூடினால்தான் கரி கிடைக்கும், திறந்துவிட்டால் சாம்பல்தான் மிஞ்சும். மறுநாள் எடுத்து நைசாக அரைத்துச் சலித்து, பழைய பருத்தி வேட்டித் துணியில் ஒரு சாண் நீளத்துக்குக் கொட்டி, விரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டு. பச்சைப் பனைமட்டையை மூன்று பிளவாகப் பிளந்து, நடுவில் அந்தச் சுருட்டை வைத்துக் கட்டி, மட்டையின் தலையில் நீளமான கயிறு கட்டினால் மாவளி தயார். சுருட்டின் ஒரு முனையில் தணல் வைத்து, அது உள்ளே பிடித்துக்கொண்ட பிறகு தலைக்கு மேல் சுற்ற வேண்டும். காற்றின் வேகத்தில் கரித்துகள் பொறிப்பொறியாகப் பறந்து உன்னைச் சுற்றி வட்டமிடும்.

கயிற்றின் முடிச்சை அப்பா இழுத்துப் பார்த்த பிறகே சுற்று. பாலியெஸ்டர் சட்டை வேண்டாம், பருத்திச் சட்டை போட்டுக்கொள். வைக்கோல் போர், கூரை வீடு, நிறுத்திவைத்த வண்டி எதுவும் அருகில் இல்லாத வெட்டவெளியாகப் பார். வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றின் நீளத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி நிற்கச் சொல். முடிந்ததும் மட்டையோடு தண்ணீர் வாளியில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. வெளியே கறுத்துத் தெரிந்தாலும் உள்ளே தணல் வெகுநேரம் இருக்கும்.